ஏர் ரைபிளுக்கு ஸ்கோப் வாங்கணுமா? சட்டம் எங்க நிக்குதுன்னு முதல்ல பாத்துக்கோங்க

ரெண்டு மாசம் முன்னாடி எங்க ரைபிள் கிளப்புக்கு ஒரு தம்பி அவங்க அப்பாவோட வந்தார். கையில ஒரு புது பெட்டி, உள்ள 3-9×40 ஸ்கோப் (துப்பாக்கி மேல மாட்டி, மூணுல இருந்து ஒம்பது மடங்கு வரை பெருசாக்கிப் பாக்கற குழாய், முன் கண்ணாடி 40 மில்லிமீட்டர்), ரசீதுகூட இன்னும் மடிக்காம இருக்கு. "அண்ணா இதை மாட்டிக்கிட்டு ஸ்டேட் மேட்ச் ஆடலாமா?"ன்னு கேட்டார். முடியாதுன்னு சொன்னேன், அந்த முகம் வாடினதைப் பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. அந்த அப்பா அடுத்து கேட்டது இன்னும் முக்கியமான கேள்வி: "சார் இதை வீட்ல வெச்சிருந்தா போலீஸ் கேஸ் ஏதாவது வருமா?" இந்த ரெண்டு கேள்விக்கும் ஒழுங்கான பதில் தமிழ்ல ஒரே இடத்துல கிடைக்கிறதில்ல, அதான் புதுசா வர்றவங்களுக்காக இதை எழுதுறேன். இந்தியச் சட்டம், அதுலயும் நம்ம தமிழ்நாட்டு நிலைமைக்குப் பொருந்துற மாதிரி.

ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டு மேல படிங்க. பகல்ல பாக்குற சாதாரண ஸ்கோப்னா அது ஒரு கண்ணாடிக் குழாய், அதை வாங்க தனியா லைசன்ஸ்னு ஒண்ணு நம்ம ஊர்ல கிடையாது. கேஸ் வர்றது எதனாலன்னா, அது எந்தத் துப்பாக்கி மேல உக்காந்திருக்கு, அந்தத் துப்பாக்கியோட நீங்க எங்க நிக்கறீங்க, குழாய்க்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு, இந்த மூணாலயும்தான்.

முதல்ல, எதுக்கு வேணும்னு முடிவு பண்ணுங்க

மேட்ச் ஆடணும்னா ஸ்கோப் வேண்டாம், அவ்வளவுதான். 10 மீட்டர் ஏர் ரைபிளுக்கு ஐ.எஸ்.எஸ்.எஃப், அதாவது சர்வதேச ஷூட்டிங் சம்மேளனத்தோட விதிப்படி துப்பாக்கி மேல டெலஸ்கோப் எதுவும் இருக்கக்கூடாது, பீப் சைட்னு சொல்ற சின்ன ஓட்டை வழியாதான் பாக்கணும், துப்பாக்கி 4.5 மில்லிமீட்டர், எடை அஞ்சரை கிலோவுக்குள்ள. அந்த டார்கெட்ல பத்து பாயிண்ட் புள்ளி எவ்வளவு பெருசு தெரியுமா, அரை மில்லிமீட்டர். 2008 பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினதும், சென்னையில பொறந்த ககன் நாரங் 2012 லண்டன்ல வெண்கலம் வாங்கினதும், நம்ம கடலூர்ல பொறந்த இளவேனில் உலகக் கோப்பைல ஜெயிச்சதும் எல்லாம் அந்த ஓட்டை வழியா பாத்துத்தான். ஓடுற டார்கெட்டைச் சுடுற ரன்னிங் டார்கெட் போட்டியில மட்டும் ஸ்கோப் உண்டு, அதுலயும் 10 மீட்டர்ல நாலு மடங்குக்கு மேல பெருசாக்கிக் காட்டக்கூடாது. புதுசா வர்ற பையன் அந்தப் பக்கம் போறது ரொம்ப அபூர்வம். அதனால பிள்ளையை ஷூட்டிங்ல சேக்கணும்னு நினைக்கிற அப்பா அம்மாவுக்கு நான் சொல்றது ஒண்ணுதான், துப்பாக்கியும் வாங்காதீங்க ஸ்கோப்பும் வாங்காதீங்க, பக்கத்துல இருக்கிற கிளப்ல போய் சேருங்க, அங்க துப்பாக்கி இருக்கும், ஆறு மாசம் கழிச்சு வாங்கிக்கலாம்.

வீட்டுத் தோட்டத்துல தகர டப்பா, காகித டார்கெட் சுட்டுப் பழகணும், கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்கு, ஸ்கோப் இருந்தா நல்லாருக்கும்னு நினைக்கிறவங்களுக்குத்தான் மீதி எல்லாம்.

காட்டுப்பன்னிக்காக, மயிலுக்காக, நாய்க்காக வேணும்னா கீழ "எதைப் பாத்துச் சுடுறீங்க"ங்கிற பகுதிக்கு நேரா போயிடுங்க, தயவுசெஞ்சு படிச்சிட்டு வாங்க.

துப்பாக்கி எந்த வகைன்னு பாருங்க

1959 ஆயுதச் சட்டத்துல "ஃபயர் ஆர்ம்"னா என்னன்னு ஒரு விளக்கம் இருக்கு. வெடிமருந்தாலயோ வேற எந்த விதமான சக்தியாலயோ ஒரு பொருளை வீசி எறியற ஆயுதம்னு வரும். அந்த "வேற எந்த விதமான சக்தி"ங்கிற வார்த்தையை நல்லா கவனிங்க, காத்தும் அதுல சேந்துடும். அதாவது ஏர் கன் பொம்மை இல்ல, சட்டத்தோட பார்வையில அது துப்பாக்கிதான், ஆனா 2016 ஆயுத விதிகள்ல ஒரு அளவு வெச்சு அந்த அளவுக்குள்ள இருந்தா லைசன்ஸ் வேண்டாம்னு விலக்கு குடுத்திருக்காங்க. அளவு ரெண்டு: குண்டு 0.177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேல இருக்கக்கூடாது, குழல் வாயை விட்டு வெளிய வரும்போது குண்டோட சக்தி 20 ஜூலுக்கு மேல போகக்கூடாது. ரெண்டுல எது தாண்டினாலும் லைசன்ஸ் கட்டாயம். அதனால .22 ஏர் ரைபிள் எவ்வளவு மெதுவா சுட்டாலும் லைசன்ஸ் வேணும். "வெறும் காத்துதானே சார்"னு கடைல யாராவது சொன்னா நம்பாதீங்க.

லைசன்ஸ் இல்லாம லைசன்ஸ் வேண்டிய துப்பாக்கி வெச்சிருந்தா ஆயுதச் சட்டத்தோட 25ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சது ரெண்டு வருஷம், அஞ்சு வருஷம் வரைக்கும் சிறை, கூட அபராதம். இதைப் படிச்சிட்டு பயப்படச் சொல்லலை, அளந்து பாத்து வாங்கச் சொல்றேன்.

எப்படி அளக்கிறது? பெல்லட்டோட, அதாவது ஏர் கன் குண்டோட, எடையும் வேகமும் தெரிஞ்சா போதும். எடையை கிலோகிராம்ல எடுத்து, வேகத்தை வினாடிக்கு மீட்டர்ல எடுத்து, வேகத்தை வேகத்தாலயே பெருக்கி, அதை எடையால பெருக்கி, ரெண்டால வகுத்தா ஜூல் வந்துடும். பெல்லட் டப்பால எடை கிரெயின்ல போட்டிருப்பான், ஒரு கிரெயின்னா 0.0648 கிராம். 8 கிரெயின் பெல்லட் சுமார் 0.52 கிராம். இப்ப ஒரு துப்பாக்கி விளம்பரத்துல "வினாடிக்கு 1000 அடி வேகம்"னு போட்டிருக்கான்னு வெச்சுக்கோங்க, அது 305 மீட்டர், கணக்குப் போட்டா 24 ஜூல் வருது, தாண்டிடுச்சு! அதே 1000 அடி வேகம் அஞ்சரை கிரெயின் இலேசான பெல்லட்டுக்குச் சொன்னதுன்னா 17 ஜூல்கூட வராது. ஆக வேகத்தை மட்டும் வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, எந்தப் பெல்லட்டுக்குன்னு கேளுங்க. 8 கிரெயினுக்கு வினாடிக்கு 910 அடி பக்கத்துல வரும்போதே 20 ஜூல் தொட்டுடுதுன்னு ஞாபகம் வெச்சுக்கிட்டா கடைல நின்னு கணக்குப் போட வேண்டியதில்ல.

இங்கதான் இன்னொரு ஆபத்து. ஸ்கோப் மாட்டினதும் தூரமா அடிக்கணும்னு ஆசை வரும், உடனே யாராவது "ஸ்பிரிங்கை மாத்தி குடுக்கறேன்"னு வருவான். ஸ்பிரிங் மாத்தி சக்தி 20ஐத் தாண்டின நிமிஷத்துல உங்க கையில இருக்கிறது லைசன்ஸ் இல்லாத துப்பாக்கி. வாங்கும்போது சட்டப்படி இருந்துச்சுங்கிறது அப்புறம் எடுபடாது.

ஸ்கோப் வாங்கும்போது

உள்ளூர்ல இருக்கிற ஏர் கன் டீலர்கிட்டயே வாங்குங்க, பில் வாங்குங்க, துப்பாக்கிக்கும் ஸ்கோப்புக்கும் தனித்தனியா வரி போட்ட பில். துப்பாக்கி பில்லுல மாடல், சீரியல் நம்பர், 0.177, 20 ஜூலுக்குக் கீழ்னு எழுதித் தரச் சொல்லுங்க. ஆதார் நகல் கேட்டா குடுங்க, கேக்காத கடைலதான் யோசிக்கணும். பதினெட்டு வயசு ஆகாத பையன் பேர்ல எதையும் வாங்காதீங்க, பெரியவங்க பேர்லயே பில் இருக்கட்டும்.

வெளிநாட்டுல இருந்து வரவழைக்கிறது பத்தி நிறைய பேர் கேக்கறாங்க. அமெரிக்காவுல இருக்கிற மாமா பையன் வரும்போது ஒரு நல்ல ஸ்கோப் வாங்கிட்டு வரச் சொல்லலாமேன்னு தோணும். துப்பாக்கி ஸ்கோப் அந்த நாட்டு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல 0ஏ504ங்கிற எண்ல வர்ற பொருள், சூட்கேஸ்ல போட்டுக் கொண்டு வந்தாலும் அதுவும் ஏற்றுமதிதான். அவங்க விசாவுல வேலை பாக்கறவங்க, உங்க ஒரு ஸ்கோப்புக்காக அவங்களை இந்த வம்புல இழுத்து விடாதீங்க. ஆன்லைன்ல வெளிநாட்டுக் கடைல ஆர்டர் போட்டா பார்சல் கஸ்டம்ஸ்ல நின்னுடற வாய்ப்பு அதிகம், பணமும் போயிடும் நோட்டீஸும் வரும்.

சைலன்சர் பத்தி கொஞ்சம் அழுத்திச் சொல்லணும். ஸ்கோப் வாங்கப் போனா கூடவே "சத்தம் வராம இருக்க இதையும் போட்டுக்கோங்க"ன்னு ஒரு குழாயைக் காட்டுவாங்க. ஆயுதச் சட்டத்துல துப்பாக்கிங்கிற விளக்கத்துக்குள்ளயே, சத்தத்தையோ தீப்பொறியையோ குறைக்கிற மாதிரி செஞ்ச இணைப்பையும் துப்பாக்கின்னே சேத்து எழுதியிருக்காங்க. ஏர் கன்னுக்கு இருக்கிற விலக்கு அந்தக் குழாய்க்கும் சேந்து வரும்னு நம்பி வாங்காதீங்க. பகல் ஸ்கோப் சட்டத்துல அந்த விளக்கத்துல இல்ல, சைலன்சர் இருக்கு, வித்தியாசம் அவ்வளவு தெளிவு.

இருட்டுல பாக்கற நைட் விஷன், உடம்புச் சூட்டை வெச்சுக் காட்டற தெர்மல் ஸ்கோப் வேண்டவே வேண்டாம். ராத்திரியில டார்கெட் பேப்பர் சுடப் போறவங்க யாரும் இல்ல, துப்பாக்கி மேல அது இருக்கிறதைப் பாத்தா எந்த வனக்காவலரும் வேட்டைக்குத்தான்னு முடிவு பண்ணுவார், அவர் நினைக்கிறது தப்பும் இல்ல.

சட்டம் தவிர, வாங்கும்போது பாக்க வேண்டிய ரெண்டு விஷயம் சொல்லிடறேன், நானே பணத்தை விட்டது இதுல. ஸ்பிரிங் ஏர் ரைபிள் சுடும்போது பின்னாடியும் உதைக்கும் முன்னாடியும் உதைக்கும், பெரிய துப்பாக்கியோட உதையைத் தாங்கற ஸ்கோப்கூட அந்த ரெண்டு பக்க உதைல உள்ள கண்ணாடி கழண்டுடும், என்னோட முதல் ஸ்கோப் முந்நூறு குண்டுகூடத் தாங்கல. "ஏர் கன்னுக்கு"ன்னு எழுதினதையே கேட்டு வாங்குங்க. ரெண்டாவது, பெரிய துப்பாக்கிக்குச் செஞ்ச ஸ்கோப்ல கண்ணாடி நூறு கஜத்துக்கு, அதாவது 91 மீட்டர் வாக்குல சரியா இருக்கிற மாதிரி அமைச்சிருப்பான், நம்ம 10 மீட்டர்ல அது மங்கலாத்தான் தெரியும், முன்னாடி வளையத்தைத் திருப்பி 10 கஜம் வரைக்கும் குறைக்கிற மாதிரி இருக்கிறதா பாருங்க. நம்ம ஏர் கன் மேல ஸ்கோப் மாட்டறதுக்கு இருக்கிற பள்ளம் பெரும்பாலும் 11 மில்லிமீட்டர், ஸ்கோப்பைப் பிடிச்சு வைக்கிற மவுண்ட்டும் அதே அளவுல வாங்கணும்.

மாட்டும்போது

ஏர் கன்ல பள்ளம் இருந்தா நீங்களே மாட்டிக்கலாம், ரெண்டு ஆலன் கீ போதும்.

லைசன்ஸ் துப்பாக்கி வெச்சிருக்கறவங்க, .315 ரைபிளோ .22வோ, அதுல மவுண்ட் வைக்க ஓட்டை போடணும்னா பக்கத்து லேத் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போயிடாதீங்க. துப்பாக்கியை ரிப்பேர் பண்றதுக்கும் மாத்தி அமைக்கிறதுக்கும் ஆயுதச் சட்டத்தோட 5ஆம் பிரிவுப்படி தனி லைசன்ஸ் வேணும், லேத்காரர்கிட்ட அது இருக்காது, கேஸ்ல சிக்கறது நீங்களும் அவரும். லைசன்ஸ் உள்ள ஆயுத டீலர்கிட்ட குடுத்து, வேலைக்கு ரசீது வாங்கிக்கோங்க. சீரியல் நம்பர் மேல மவுண்ட் உக்காந்து மறைக்காம இருக்கணும்.

ஜீரோ பண்றது, அதாவது ஸ்கோப் குறியும் குண்டு விழற இடமும் ஒண்ணா வர்ற மாதிரி சரி பண்றது பத்தி ஒரு கணக்கு. பெரும்பாலான ஸ்கோப்ல குறியைச் சரி பண்ற திருகை ஒரு கிளிக் திருப்பினா நூறு மீட்டர்ல சுமார் 7 மில்லிமீட்டர் நகரும், அப்ப 10 மீட்டர்ல 0.7 மில்லிமீட்டர்தான். குண்டு ஒரு சென்டிமீட்டர் தள்ளி விழுந்தா பதினாலு கிளிக் திருப்பணும், ரெண்டு கிளிக் திருப்பிட்டு "நகரவே மாட்டேங்குது"ன்னு தூக்கிப் போடாதீங்க.

எங்க வெச்சுச் சுடுறீங்க

கிளப் ரேஞ்ச்தான் நல்ல இடம். வீட்லதான்னா சொந்த இடம், சுத்திச் சுவர், பின்னாடி மண் மூட்டையோ தடிச்ச பலகையோ ரப்பர் ஷீட்டோ, குண்டு அதைத் தாண்டக்கூடாது. ஏர் கன் பெல்லட் மேல் நோக்கிப் போனா இருநூறு மீட்டருக்கு மேலயும் பறக்கும், அப்பார்ட்மென்ட் மொட்டை மாடி அதுக்கான இடம் கிடையாது. அடுத்தவங்க உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வர்ற மாதிரி அஜாக்கிரதையா நடந்தா பழைய ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவோட 125ஆம் பிரிவு இருக்கு, யாருக்கும் அடிபடலைன்னாலும் வரும், அடிபட்டா தண்டனை ஏறும்.

புதுசா ஸ்கோப் மாட்டினவங்க எல்லாரும் பண்ற ஒரு தப்பு இருக்கு, அதை நான் கிளப்ல பாத்தா அன்னிக்கே துப்பாக்கியை வாங்கி வெச்சிடுவேன். ஸ்கோப் வழியா தெருவைப் பாக்கறது, எதிர்வீட்டு மாடியைப் பாக்கறது. நீங்க பைனாகுலர் மாதிரி நினைச்சுப் பாக்கறீங்க, எதிர்ல நிக்கிற அக்காவுக்குத் தெரியறது தன்னை நோக்கி நீட்டின துப்பாக்கி. அவங்க 100க்கு போன் பண்ணா போலீஸ்காரர் உங்க பில்லைப் பாத்துட்டு விட்டுட்டுப் போக மாட்டார், மிரட்டினதா புகார் குடுத்தா அது தனிக் கேஸ். தூரத்துல பாக்கணும்னா பைனாகுலர் வாங்குங்க.

கல்யாணம், திருவிழா, கட்சி வெற்றின்னு வானத்தைப் பாத்துச் சுடுறதுக்கு ஆயுதச் சட்டத்துல 2019ல இருந்து தனிப் பிரிவே வந்தாச்சு, ரெண்டு வருஷம் வரை சிறை, இல்ல லட்ச ரூபா வரை அபராதம், இல்ல ரெண்டும்.

எதைப் பாத்துச் சுடுறீங்க

இதுலதான் நம்ம ஊர்ல அதிகம் பேர் மாட்டறாங்க. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல ஆயுதம்ங்கிற வார்த்தைக்கு லைசன்ஸ் உண்டா இல்லையான்னு கணக்கே கிடையாது. ஒரு உயிரினத்தைக் காயப்படுத்தவோ கொல்லவோ முடியற எந்தக் கருவியும் ஆயுதம்தான், கண்ணி, வலை, விஷம் எல்லாம் அதுல வருது, அப்ப உங்க லைசன்ஸ் வேண்டாத ஏர் கன்னும் வருது. வேட்டைன்னா கொல்றது மட்டும் இல்ல, முயற்சி பண்றதும் வேட்டைதான். குறி தப்பிடுச்சு சார்னு சொல்லித் தப்பிக்க முடியாது.

கொக்கு, கவுதாரி, மணிப்புறா, கிளி, எதுவும் கூடாது. மயில் அதிகப் பாதுகாப்பு குடுக்கிற முதல் அட்டவணைல இருக்கு, குறைஞ்சது மூணு வருஷம், ஏழு வருஷம் வரைக்கும், அபராதம் 25,000ல இருந்து ஆரம்பம். மத்ததுக்கு மூணு வருஷம் வரை, இல்ல லட்ச ரூபா வரை அபராதம், இல்ல ரெண்டும். பிடிபட்ட துப்பாக்கி, ஸ்கோப், போன வண்டி எல்லாம் அரசாங்கத்துக்குப் போயிடும். முன்னாடி காக்கா, எலியெல்லாம் தொல்லை உயிரினம்னு ஒரு அட்டவணைல இருந்துச்சு, 2022 திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துடுச்சு, 2023 ஏப்ரல் 1ல இருந்து நடைமுறை, அதனால பழைய ஆளுங்க "காக்கா சுடலாம்பா"ன்னு சொல்றதைக் கேட்டு இறங்காதீங்க.

விவசாயிங்க கேக்கறது எனக்குப் புரியுது. எங்க சித்தப்பா நிலத்துல ஒரே ராத்திரியில பன்னிக்கூட்டம் நிலக்கடலையை முக்கால் ஏக்கர் தோண்டிப் போட்டதை விடியக்காலைல நின்னு பாத்திருக்கேன், அந்த வயித்தெரிச்சல் சும்மா இல்ல. ஆனா 20 ஜூல் பெல்லட் பன்னியைக் கொல்லாது, காயப்படுத்தி வெறி ஏத்தும், அது அடுத்து பாயறது தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்ச வர்ற உங்க மேலதான். தமிழ்நாட்டுல 2025 ஜனவரியில வந்த ஏற்பாட்டுப்படி காப்புக்காட்டுல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள பன்னியைச் சுடக்கூடாது, ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடணும், மூணு கிலோமீட்டருக்கு அப்பால வர்றதை வனத்துறையோட பயிற்சி பெற்ற ஆளுங்க சுடலாம். சுடறது வனத்துறை, நீங்க இல்ல. நீங்க பண்ண வேண்டியது சேதம் ஆன அன்னிக்கே போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ. கிட்ட சொல்லி, வனச்சரக அலுவலகத்துல எழுத்துல மனு குடுத்து, நிவாரணம் கேக்கறது. மனு குடுத்த நகல்ல கையெழுத்து, தேதி வாங்காம வராதீங்க.

நாய், பூனை, அடுத்தவங்க மாடுன்னு சுட்டா நியாய சன்ஹிதா 325, அஞ்சு வருஷம் வரைக்கும் சிறை. தெரு நாய் தொல்லைக்கு உள்ளாட்சி அலுவலகம் இருக்கு, பெல்லட் பதிலே இல்ல. அருணாச்சலப் பிரதேசத்துல 2021ல ஏர் கன் ஒப்படைக்கிற இயக்கம்னு ஆரம்பிச்சு ஜனங்களே கொண்டு வந்து குடுத்தாங்க, பறவை குறைஞ்சு போனதைப் பாத்துட்டுத்தான். நான் ஏர் ரைபிளை உயிரா நேசிக்கறவன், ஆனா அந்தச் செய்தி படிச்சப்ப அவங்க பண்ணது சரின்னுதான் தோணுச்சு.

எடுத்துட்டுப் போகும்போது

சரணாலயத்துக்குள்ள எழுத்து மூலமா அனுமதி இல்லாம ஆயுதத்தோட போகக்கூடாதுன்னு வன உயிரினச் சட்டத்தோட 31ஆம் பிரிவு சொல்லுது. ஊட்டிக்கு முதுமலை வழியா போறவங்க, சத்தியமங்கலம் திம்பம் ரோட்டுல மைசூர் போறவங்க, டிக்கியில ஏர் கன் கிடக்குறதை மறந்துட்டுப் போயிடறாங்க. செக்போஸ்ட்ல ஸ்கோப் மாட்டின துப்பாக்கியைப் பாத்தா வனக்காவலர் உங்க டார்கெட் பேப்பரைக் கேட்டுக்கிட்டு இருக்க மாட்டார். மேட்சுக்குப் போறதுன்னா வேற ரோடு பாருங்க. சரணாலயத்துல இருந்து பத்து கிலோமீட்டருக்குள்ள குடியிருக்கிற லைசன்ஸ்காரங்க வனத்துறைகிட்ட தனியா பதிவு பண்ணணும், அதையும் விட்டுடாதீங்க.

பஸ்ல, கார்ல போகும்போது ஸ்கோப்பைக் கழட்டி அதோட பெட்டியில வைங்க, துப்பாக்கியை காலி பண்ணி மூடின பெட்டியில வைங்க, பெல்லட் தனிப் பையில. திரும்ப மாட்டினா ஜீரோ கொஞ்சம் நகரும், அஞ்சு குண்டு செலவு பண்ணி சரி பண்ணிக்கலாம். விமானத்துல போனா எதையும் கைப்பையில வைக்காதீங்க, ஏர்லைன்ஸுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலை பிரிண்ட் எடுத்து, செக்-இன் கவுன்டர்ல நீங்களே முதல்ல வாயைத் திறந்து சொல்லிடுங்க.

துப்பாக்கி பில், ஸ்கோப் பில், கிளப் உறுப்பினர் அட்டை, ஆதார், இந்த நாலோட நகலும் துப்பாக்கிப் பெட்டி மூடிக்கு உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் கவர்ல ஒட்டி வைங்க. போன்ல இருக்குன்னு நம்பிப் போனா சரியா அந்த செக்போஸ்ட்லதான் டவர் இருக்காது.